மெட்டல் டிடெக்டரில் ஆணியும் ஃபாயிலும்தான் வருகின்றன, பழைய காசு எடுப்பவர்கள் எப்படி எடுக்கிறீர்கள்?

புதுத்தடம்:

வணக்கம். இங்கே எழுதப்படுவதை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்டே ஆகவேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டேன். என்னிடம் இருப்பது ஒரே அலைவரிசையில் ஓடும் சாதாரண விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) டிடெக்டர், கூடவே வந்த காயிலைத்தான், அதாவது தரைமேல் வீசும் வட்டச் சுருளைத்தான், மாட்டியிருக்கிறேன். நண்பருடைய சித்தப்பாவின் உழவு நிலத்தில் தேடுகிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். நிலத்தின் ஓரமாக முன்பு வண்டிப்பாதை போனதாகவும், ஆற்றைக் கடக்கும் துறை பக்கத்திலேயே இருந்ததாகவும் அவர் சொல்கிறார். அதை நம்பித்தான் அந்த இடம்.

ஆனால் பையில் சேர்வதெல்லாம் துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி, கசங்கிய அலுமினிய ஃபாயில். திரையில் எண் உயரத்தில் நிற்கும், ஆவலாகத் தோண்டினால் வளைந்த ஆணி. ஒரே இடத்தில் ஒரு வீச்சில் 80 என்று காட்டும், அடுத்த வீச்சில் 30. வெறுத்துப்போய் காசுக்கு மட்டும் சத்தம் போடும் காயின் மோடில் போட்டேன், இப்போது சத்தமே வருவதில்லை. சென்சிட்டிவிட்டியை முழுசாக ஏற்றி வைத்திருக்கிறேன், அப்படித்தானே ஆழத்தில் இருப்பது தெரியும்? பெரிய காயில் வாங்கினால் நிலைமை மாறுமா, இல்லை மிஷினையே மாற்ற வேண்டுமா?

கிடைத்தவற்றில் ஒன்று வட்டமான செப்புத் துண்டு, காசாகத்தான் இருக்கும், பச்சைக் களிம்பு மூடி ஒன்றும் தெரியவில்லை. அதை எதில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம்?

அப்புறம் இன்னொன்று. நிலத்தின் கீழ்மூலையில் ஒரு ஆணிக்காகத் தோண்டிய குழியில் நகத்தளவு மெல்லிய வெள்ளிக் காசுகள் இரண்டு கண்ணில் பட்டன. இரண்டும் ஒரே மாதிரி, முத்திரை தேய்ந்திருக்கிறது. பின்பாயின்ட்டரை, அதாவது குழிக்குள் தேடும் சின்னக் கைக்கருவியை, உள்ளே விட்டால் குழிக்கு அடியில் இன்னும் பலமாகச் சத்தம் போடுகிறது. இருட்டிவிட்டதால் அந்த இரண்டு காசுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். அடுத்த முறை கடப்பாரையோடு போகலாம் என்று இருக்கிறேன்.

ஈயக்குண்டு:

முதலில் அந்தக் காயின் மோடை விட்டு வெளியே வாருங்கள் நண்பரே. உங்கள் கேள்வியில் பாதிக்கு அதுவே பதில்.

டிடெக்டருக்குக் காசு என்றால் என்ன என்று தெரியாது. காயிலில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது, அது பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தைத் திருப்பி அனுப்ப, காயிலுக்குள் இருக்கும் இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது. அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் நடுவே எவ்வளவு பின்தங்கல் என்பதை அளந்துதான் திரையில் எண் வருகிறது. தடித்த வெள்ளி, செம்பு என்றால் உயர்ந்த எண், ஃபாயில் போல மெல்லியவை தாழ்ந்த எண், இரும்பு அதற்கும் கீழே. ஆக அந்த எண்ணில் கடத்துதிறன், பருமன், வடிவம், ஆழம் எல்லாமே கலந்திருக்கின்றன. மெல்லிய வெள்ளிக்காசு ஃபாயில் விழும் இடத்திலேயே விழுவதும், சின்னத் தங்க மோதிரம் குளிர்பான டின்னின் இழுப்பு வளையத்தோடு ஒரே எண்ணில் நிற்பதும் அதனால்தான். காயின் மோடு என்பது இன்று புழங்கும் தடித்த காசுகளை மனதில் வைத்து மற்றதை எல்லாம் வாயடைத்து வைப்பது. உங்கள் இரண்டு வெள்ளிக்காசுகளும் அந்த மோடில் முனகிக்கூட இருக்காது. ஃபாயில் வேண்டாம் என்று ஒதுக்கினால் பழைய மெல்லிய காசும் வேண்டாம் என்றுதான் அர்த்தம், இதற்கு வேறு வழியே கிடையாது.

இரும்பை மட்டும், அதுவும் அடிமட்ட இரும்பை மட்டும், ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் அதையும் ஒதுக்காமல் தாழ்ந்த ஒலியில் கேட்கும்படி விடுங்கள். ஆணிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றனவோ அங்கே ஒருகாலத்தில் வீடோ கொட்டகையோ இருந்திருக்கும், ஆட்கள் நடமாடியிருப்பார்கள், காசு விழுந்திருக்கும். ஆணியின் சத்தமே உங்களுக்கு ஒரு வரைபடம்.

வளைந்த ஆணி, வாஷர், லாடம், துருப்பிடித்த மூடி இவையெல்லாம் உயர்ந்த எண் காட்டும், அது மிஷின் கோளாறு இல்லை. சிக்னல் வந்தால் அதே இடத்தைச் சுற்றி கால்வட்டம் நகர்ந்து, முதலில் வீசிய திசைக்கு 90 டிகிரியில் மறுபடி வீசுங்கள். படுத்துக் கிடக்கும் வட்டமான காசு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒலிக்கும். ஆணி ஒரு பக்கம் கணீரென்று ஒலித்துவிட்டு மறுபக்கம் உடைந்து போகும், மையமும் கொஞ்சம் நகரும். ஆழத்தில் இருக்கும் காசுக்கும், செங்குத்தாக நிற்கும் காசுக்கும் எண் தடுமாறத்தான் செய்யும். அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். இரு திசையிலும் ஒலி திரும்பத் திரும்ப வந்தால் எண் எப்படி ஆடினாலும் தோண்டலாம்.

சென்சிட்டிவிட்டி விஷயத்தில் நீங்கள் நினைப்பது தலைகீழ். முழுசாக ஏற்றினால் மண்ணில் உள்ள இரும்புத் தாதுவும், மேலே போகும் மின்கம்பியும், சட்டைப்பையில் இருக்கும் போனும் சேர்ந்து இரைச்சலாகும், அந்த இரைச்சலில் மெல்லிய சிக்னல் காணாமல் போகும். மிஷின் தானாகப் பேசுவதை நிறுத்தும் வரை குறையுங்கள். மண்ணின் தாது இரைச்சலை ஒதுக்கும் கிரவுண்ட் பேலன்ஸ் வசதி இருந்தால் உலோகம் இல்லாத ஒரு இடத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டிச் சரிசெய்யுங்கள், மண் மாறும் இடத்தில் மறுபடியும். இரும்பு முனை வைத்த பூட்ஸ் வேண்டாம், மண்வெட்டியைக் காயில் பக்கத்தில் போட வேண்டாம். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் புதைந்த துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் தன் கருவியோடு போனபோது, அவர் படுத்திருந்த கட்டிலின் உலோகச் சுருள்களும் சேர்ந்து குழப்பியதாகத்தான் சொல்வார்கள். இன்றைய மிஷினுக்கும் அதே பிரச்சினைதான்.

காயில் கேள்விக்கு: வாங்காதீர்கள். பெரிய காயில் ஆழம் தரும், ஆனால் ஒரே நேரத்தில் நிறைய ஆணிகளை விழுங்கி நடுவே இருக்கும் காசை மறைத்துவிடும். குப்பை அதிகமான இடத்துக்குச் சின்னக் காயில்தான் சரி. காசளவு பொருளுக்கு 15, 20 சென்டிமீட்டர் ஆழம் கிடைத்தாலே நல்ல மிஷின். மெதுவாக, காயிலைத் தரைக்குச் சமமாக வைத்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதி ஏறும்படி வீசுங்கள். வீச்சின் முடிவில் காயில் மேலே தூக்கிக்கொள்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட எல்லோரும் அதைச் செய்கிறோம், அங்கேயே பாதி ஆழம் போய்விடுகிறது. மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது போனால் வறண்ட மண்ணில் கேட்காதவை கேட்கும். ஹெட்போன் கட்டாயம்.

பழந்துறை:

ஈயக்குண்டு சொன்ன எல்லாமே சரி, ஆனால் கேள்வியின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் பேச வேண்டும். புதுத்தடம், தயவுசெய்து கடப்பாரையோடு போகாதீர்கள். அந்தக் குழியை இனி நீங்கள் தொடவே வேண்டாம்.

ஒரே மாதிரி இரண்டு வெள்ளிக்காசுகள் ஒரே குழியில், அதற்கும் அடியில் பலமான சத்தம். வழியில் போனவர் கைநழுவ விட்ட காசு இப்படி இருக்காது. ஒருவர் சேர்த்து வைத்துப் புதைத்த குவியலை ஏர் தொட்டு, மேலே இருந்த ஒன்றிரண்டை மட்டும் இழுத்துவிட்டிருக்கலாம். அடியில் இருப்பது பழைய இரும்புக் கலப்பையின் துண்டாகவும் இருக்கலாம், அதுவும் சாத்தியம்தான். எதுவென்று தெரிந்துகொள்ள நீங்கள் தோண்டித்தான் பார்க்கவேண்டும் என்று இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில் 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர் செய்ததை எல்லோரும் படிக்க வேண்டும். விவசாய நண்பர் தொலைத்த ஒரு சுத்தியலைத் தேடித்தான் டிடெக்டரோடு போனார். கரண்டிகளும் காசுகளும் வர ஆரம்பித்ததும் கொஞ்சம் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டு தகவல் சொன்னார், அடுத்த நாளே தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். 14,865 ரோமானியக் காசுகள், அவற்றோடு பொன் நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள். ஆனால் அந்த எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும், எந்தப் பொருள் எதன் மேல் இருந்தது, எது சின்னப் பெட்டிக்குள் இருந்தது, எதைத் துணியில் சுற்றினார்கள் என்பதுவரை தெரிந்துகொள்ள முடிந்தது. ஒரு குடும்பம் கலங்கிய காலத்தில் தன் செல்வத்தை எப்படி அடுக்கி வைத்தது என்று நமக்குத் தெரிவது, ஒரு மனிதர் மண்வெட்டியைக் கீழே வைத்ததால்தான். சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

2010-ல் அதே இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊர் அருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் டிடெக்டரில் கண்டதும் அப்படித்தான். ஒரு பானை, அதில் 52,503 ரோமானியக் காசுகள், எடை ஏறக்குறைய 160 கிலோ. பானையின் வாயைப் பார்த்ததுமே அவர் குழியை மூடிவிட்டுச் செய்தி சொன்னார். அதனால் காசுகளை அடுக்கு அடுக்காக எடுக்க முடிந்தது. பிற்காலத்தைச் சேர்ந்த, பிரிட்டனில் ஆண்ட ரோமானிய அரசர் கராசியஸின் காசுகள் பெரும்பாலும் மேலே இல்லாமல் பானையின் கீழ்ப்பகுதியில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வருஷா வருஷம் சேமித்துப் போட்டிருந்தால் பிந்தைய காசுகள் மேலேதான் இருக்க வேண்டும் இல்லையா? ஆக ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள் என்றும், அது தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையாகவும் இருக்கலாம் என்றும் பேச வழி கிடைத்தது. அதையே ஒருவர் கடப்பாரையால் குத்தி வாளியில் அள்ளிப் போட்டிருந்தால் 52,503 காசுகள் இருந்திருக்கும், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

வரப்புக்கல்:

எல்லாவற்றையும் தொடாதே தொடாதே என்றால் அப்புறம் இந்தப் பொழுதுபோக்கு எதற்கு? உழவு நிலம் அது, வருஷா வருஷம் ஏர் ஓடி எல்லாம் கலைந்து கிடக்கிறது. உரமும் துருவும் சேர்ந்து அரித்துக்கொண்டிருக்கும் காசை நாம் எடுப்பது காப்பாற்றுவதுதானே.

பழந்துறை:

உழவுமண்ணைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். மேலே இருக்கும் 20, 30 சென்டிமீட்டர் மண் புரண்டு புரண்டு வந்தது, அங்கே ஒரு தனிக் காசை எடுத்தால் அது எங்கே கிடைத்தது என்று குறித்துவைத்தாலே போதும், நல்ல வேலைதான். ஆனால் ஏர் போகாத ஆழத்தில் மண் நிறம் மாறும், இறுக்கமாக இருக்கும், அங்கிருந்து எல்லாம் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. என் வழக்கம் இது: மண்ணின் நிறம் மாறினால் நிறுத்துவேன், ஒரே குழியில் இரண்டாவது பழைய பொருள் வந்தால் நிறுத்துவேன், பானை ஓடோ எலும்போ கரியோ கண்ணில் பட்டால் நிறுத்துவேன். புதுத்தடத்தின் குழியில் இரண்டாவது காரணம் ஏற்கெனவே வந்துவிட்டது.

அவர் தனிக் காசுகளைத் தேடட்டும், நிறையக் கிடைக்கட்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆற்றுத்துறை இருந்த இடம் என்றால் அருமையான இடம். துறையில் மக்கள் இறங்கி ஏறியிருப்பார்கள், சுமை மாற்றியிருப்பார்கள், கூலி எண்ணிக் கொடுத்திருப்பார்கள். பழைய நிலவரைபடம் கிடைத்தால் பாதை எங்கே வளைந்தது, வாயில் எங்கே இருந்தது என்று பார்த்து அந்தக் கோட்டை ஒட்டியே தேடலாம். கிடைத்த ஒவ்வொன்றின் இடத்தையும் போனின் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டே வந்தால், கொஞ்ச நாளில் அந்தப் புள்ளிகளே பழைய பாதையைக் காட்ட ஆரம்பிக்கும். ஒரு உலோகப் பொத்தான், ஈயக் குண்டு, தேய்ந்த காசு, தனித்தனியாக எதுவும் பெரிய விஷயமில்லை, வரைபடத்தில் வரிசையாக நிற்கும்போது அங்கே ஒரு சந்தை கூடியது தெரியும்.

மேட்டுநிலம்:

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அது ரொம்ப முக்கியம். சட்டம் நாட்டுக்கு நாடு நேர் எதிராகவே இருக்கும். இங்கிலாந்தில் 1996-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி, 300 வருஷத்துக்கு மேல் பழமையான, பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ உள்ள காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே அது புதையல், 14 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால் மதிப்பிட்டுப் பணம் தருவார்கள், வழக்கமாகக் கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி. டென்மார்க்கில் இப்படிப்பட்டவை அரசுக்கே சொந்தம், ஒப்படைத்தவருக்குச் சன்மானம் உண்டு. அயர்லாந்தில் 1987 முதல், அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடி டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். இந்தியாவில் 1878-ஆம் வருஷப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் எல்லைக்குள் தோண்டுவது தனிக் குற்றம், அங்கே டிடெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதே பல நாடுகளில் வம்பு.

சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015-ல் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில் இரண்டு பேர் வைக்கிங் காலக் குவியல் ஒன்றைக் கண்டு, தகவல் சொல்லாமல் துண்டு துண்டாக விற்கப் பார்த்தார்கள். 2019-ல் இருவருக்கும் சிறை. ஏறக்குறைய 300 காசுகள் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள், அப்போது மீட்க முடிந்தது 31. அவற்றில் அன்றைய இங்கிலாந்தின் இரண்டு அரசுகளான வெஸெக்ஸ், மெர்சியா இரண்டையும் ஆண்டவர்கள், அதாவது வெஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட்டும் மெர்சியா அரசர் இரண்டாம் கியோல்வுல்ஃபும் சேர்ந்தாற்போல வெளியிட்ட காசுகள் இருந்தன. பிற்கால எழுத்துகள் கியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பொம்மை என்று ஒதுக்கியிருந்தன, காசோ இருவரும் கூட்டாளிகள் என்கிறது. காணாமல் போன மற்றக் காசுகள் இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எங்கே தேடலாம், எங்கே கூடாது, கிடைப்பதில் யாருக்கு என்ன பங்கு, குழியை மூடுவது யார் பொறுப்பு, இவ்வளவும் ஒரு தாளில் போதும். அது நண்பரின் சித்தப்பாவாக இருந்தாலும்தான். ஒரு குவியல் கிடைத்த பிறகு பேசுவதைவிட இப்போது பேசுவது சுலபம். போர் நடந்த நிலமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: உருண்டையாக, நீளமாக, துருப்பிடித்த கனமான இரும்பு தெரிந்தால் தட்டிப் பார்க்காமல் விலகிப் போய் போலீசுக்குச் சொல்லுங்கள். முதல் உலகப் போரின் குண்டுகள் பிரான்சு, பெல்ஜியம் வயல்களில் இன்றும் உழவில் மேலே வந்துகொண்டிருக்கின்றன, இன்றும் வெடிக்கின்றன.

காசுப்பெட்டி:

செப்புக்காசுக்கு நான் பதில் சொல்கிறேன். எதிலும் ஊறவைக்க வேண்டாம். வினிகர், எலுமிச்சைச் சாறு, பாத்திரம் தேய்க்கும் பவுடர், பல் துலக்கும் பிரஷ், இணையத்தில் காட்டும் மின்னாற்பகுப்பு எதுவும் வேண்டாம். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த செப்புக்காசில் பழைய உலோகத்தின் மேற்பரப்பு பல சமயம் அந்தக் களிம்புக்குள்தான் இருக்கிறது. அரசர் முகமும் எழுத்தும் களிம்பிலேயே பதிந்திருக்கும், அதைக் கரைத்தால் உள்ளே மிஞ்சுவது குழிவிழுந்த மொட்டைச் செம்பு. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை எந்தச் சேகரிப்பாளரும் விரும்புவதில்லை, ஆராய்ச்சியாளருக்கும் உதவாது.

மண் ஒட்டியிருந்தால் தானாகக் காயவிட்டு, மூங்கில் குச்சி முனையால் அழுத்தாமல் மேல்மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள், லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே. களிம்பு கரும்பச்சையாக, இறுக்கமாக, வழவழப்பாக இருந்தால் அது காசுக்குக் கவசம், விட்டுவிடுங்கள். வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாக உதிர்ந்தால் கவலைப்பட வேண்டும், அதை வெண்கல நோய் என்பார்கள். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பை உள்ளுக்குள் தின்றுகொண்டே போகும். அந்தக் காசைத் தனியாக, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மியூசியத்தில் உலோகப் பாதுகாப்பு செய்பவரிடம் காட்டுங்கள். ஈரம் இல்லையென்றால் அது நின்றுவிடும்.

வெள்ளி கொஞ்சம் வேறு. தரமான வெள்ளியாக இருந்தால் வாலைவடிநீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) மெதுவாக அலசலாம். ஆனால் உங்கள் இரண்டு காசுகளும் ஒரு குவியலைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்பதால் அதைக்கூடச் செய்ய வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணிலோ துரும்பிலோ பை இருந்ததா துணி இருந்ததா என்பதற்குத் தடயம் இருக்கக்கூடும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, தனித்தனிச் சின்ன உறையில் போட்டு, உறையின் மேல் தேதியும் இடமும் ஆழமும் எழுதி வையுங்கள். இரு பக்கமும் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், விட்டமும் எடையும் குறித்துக்கொள்ளுங்கள். காசை அடையாளம் காண இவ்வளவும் கேட்பார்கள். பிவிசி உறை மட்டும் வேண்டாம், நாள்பட அதிலிருந்து வரும் அமிலம் காசில் பசைபோலப் பச்சையாகப் படியும். மைலார் (பாலியஸ்டர்) உறையோ அமிலமில்லாத காகித உறையோ நல்லது.

புதுத்தடம்:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கடப்பாரை யோசனையை விட்டுவிட்டேன். நண்பரின் சித்தப்பாவிடம் இன்று பேசினேன், அவருக்கும் இதில் ஆர்வம் வந்துவிட்டது, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். பக்கத்து ஊர் மியூசியத்துக்கு நாளை போன் செய்யப் போகிறோம்.

ஒரு சந்தேகம், அதுவரை அந்த இடத்தை எப்படிக் காப்பது? கொடி நட்டு வைக்கலாமா? அடுத்த உழவு எப்போது என்று அவருக்கே இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

பழந்துறை:

ரொம்பச் சந்தோஷம். கொடி வேண்டாம், கல் குவிக்கவும் வேண்டாம், வேறு யாராவது இரவில் டிடெக்டரோடு வந்துவிடுவார்கள். ஜிபிஎஸ் குறிப்போடு, நிலத்தின் இரண்டு நிலையான அடையாளங்களிலிருந்து, மின்கம்பம், மரம் போன்றவை, டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். குழியை மறுபடி திறக்க வேண்டாம், மூடிய மண்ணை மேலே நன்றாக மிதித்துவிடுங்கள், நீங்கள் எதுவரை தோண்டினீர்கள் என்பதை அகழ்பவர்களுக்காக எழுதி வையுங்கள். தள்ளிய மண்ணில் இன்னும் காசு இருக்கிறதா என்று கிளற வேண்டாம், அதை அவர்களே சலித்துப் பார்ப்பார்கள். அந்த மூலையில் மட்டும் ஏர் விட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள், அவர் ஆர்வமாக இருப்பதால் கேட்பார். இடம் தெரியும்படியான படத்தை இங்கேயோ வேறெங்கேயோ போட்டுவிடாதீர்கள். படத்திலேயே இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும், போனில் அதை அணைத்துவிட்டு எடுங்கள். மியூசியத்திலிருந்து ஆள் வரும்போது நீங்களும் கூட இருக்கக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஈயக்குண்டு:

காத்திருக்கும் நாட்களில் ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. உலோகம் எதுவும் இல்லாத ஒரு மூலையில் செப்புக்காசு ஒன்று, மெல்லிய வெள்ளி ஒன்று, ஒரு ஆணி, ஒரு மூடி, கொஞ்சம் ஃபாயில், எல்லாவற்றையும் வெவ்வேறு ஆழத்தில் புதைத்து மேலே குச்சி நட்டு எழுதி வையுங்கள். இன்றைய காசு போதும், கண்டெடுத்ததைப் புதைக்காதீர்கள். ஒரு காசின் பக்கத்திலேயே ஒரு ஆணியையும் சேர்த்துப் புதையுங்கள், அதுதான் கஷ்டமான பாடம். மேலே நின்று திரையை மூடிவிட்டுக் காதால் மட்டும் கேட்டுப் பழகுங்கள். அதே மண், அதே மிஷின், எந்தப் பொருளுக்கு எந்த ஒலி என்று காதில் ஏறிவிட்டால் வண்டிப்பாதை ஓரத்தில் நீங்கள் ஏற்கெனவே கடந்து வந்த இடங்களிலேயே காசு கிடைக்க ஆரம்பிக்கும். மியூசியத்தில் என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள், அடியில் இருப்பது கலப்பைத் துண்டாக இருந்தாலும் எழுதுங்கள்.